சித்தியின் போனில் இரண்டு முறை கேட்ட பின் நம்பர்

போன ஆடியில் ஒரு ஞாயிறு இரவு சித்தி போன் செய்தார்.

“கண்ணு, நீ பண்ற ஆப்பு பின் நம்பரை ரெண்டு வாட்டி கேக்குது. மொத வாட்டி தப்புங்குது. அதையே மறுக்கா போட்டா உள்ள உட்டுருது. என்ன கோளாறு?”

நான் வேலை பார்ப்பது ஒரு சிறுசேமிப்பு நிறுவனத்தின் ஆண்ட்ராய்ட் ஆப்பில். மாதத் தவணை கட்டலாம், சேர்ந்த பணத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றலாம், அவ்வளவுதான் அதன் வேலை. யாராவது பின் நம்பரைத் தப்பாகப் போட்டால் சர்வரில் ஒரு வரி பதிவாகும். லேப்டாப்பைத் திறந்து சித்தியின் கணக்கைப் பார்த்தேன். அன்றைக்குத் தப்பான பின் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. சித்தி முதலில் தட்டிய நான்கு இலக்கமும் எங்கள் ஆப்புக்கு வந்து சேரவே இல்லை. அது வேறு யாருக்கோ போயிருந்தது.

“சித்தி, போனை இப்பவே அணைச்சு வெச்சிருங்க. காலைல நேர்ல வர்றேன்” என்றேன். அவருடைய கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை அன்று இரவே நிறுத்திவைத்தோம். வங்கிக்கும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் சித்தப்பாவின் போனிலிருந்து தகவல் சொல்லச் சொன்னேன்.

காலையில் போய்ப் பார்த்தால், வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு சொந்தக்காரர் எண்ணிலிருந்து “கல்யாணப் பத்திரிகை” என்று ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்ட் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்திருக்கிறது. பத்திரிகைதானே என்று திறந்திருக்கிறார். அது கேட்டதையெல்லாம் கொடுத்திருக்கிறார்: மற்ற ஆப்களின் மேல் திரை காட்டும் மேலடுக்கு அனுமதி, மாற்றுத்திறனாளிகளுக்காகத் திரையைப் படித்து இயக்கும் அணுகல்தன்மைச் சேவை, இரண்டும். அதன் பிறகு எந்தப் பண ஆப்பைத் திறந்தாலும் அதன் மேல் கறுப்பு நிறத்தில் ஒரு எண்கட்டம் வந்து நின்றிருக்கிறது. எங்கள் சின்னம்கூட அதில் இல்லை. எண்ணை வாங்கிக்கொண்டு “தவறான பின்” என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். அடியில் காத்திருக்கும் உண்மையான திரை மறுபடி கேட்கும்.

அதை நீக்கப் போனால் செட்டிங்ஸ் பக்கம் தானாகவே பின்னால் போனது. அணுகல்தன்மைச் சேவை கையில் இருப்பதால் அதுவே “பின்செல்” பொத்தானை அழுத்துகிறது. போனை, நாம் நிறுவிய ஆப்கள் இயங்காத சேஃப் மோடில் துவக்கி அந்தச் சேவையை அணைத்த பிறகுதான் நீக்க முடிந்தது. புகைப்படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு போனை முழுவதுமாக அழித்து மீட்டமைத்தேன். பணம் எதுவும் போகவில்லை.

சித்தி ஒரு கேள்வி கேட்டார். “உங்க ஆப்புக்கு மேல வேற ஒண்ணு வந்து உக்கார்றது உங்க ஆப்புக்குத் தெரியாதா?” அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஆறு வாரம் அந்தக் கேள்வியில்தான் போனது.

அலுவலகத்தில் சொன்னபோது முதலில் வந்த பதில், “நம்மதான் ஃபிளாக் செக்யூர் போட்டிருக்கோமே” என்பது. பலருக்கும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஃபிளாக் செக்யூர் ஸ்கிரீன்ஷாட்டையும் திரைப்பதிவையும் தடுக்கும். நம் திரையின் மேல் இன்னொருவர் திரை விரிப்பதை அது தடுக்காது. இரண்டும் வேறு வேறு கதவுகள்.

தடுப்பை எழுதுவதற்கு முன் தாக்கும் ஆப்பை எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த வேலையில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான். எதைத் தடுக்கிறோம் என்று கண்ணால் பார்க்காமல் தடுப்பு எழுதினால், இணையத்தில் கிடைக்கும் ஒரு வரியை ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிவிடுவோம். அதற்குத் “திருடன்” என்று பெயர் வைத்தேன். முன்னூறு வரிகூட வராது. மேலடுக்கு அனுமதியைக் கணினியிலிருந்து ஏடிபி (போனைக் கணினியிலிருந்து இயக்கும் டெவலப்பர் கருவி) கட்டளையில் கொடுத்துக்கொள்ளலாம். சோதனைக்கு மூன்று போன்கள்: ஆண்ட்ராய்ட் 9 ஓடும் பழையது ஒன்று, 11 ஒன்று, 14 ஒன்று. எங்கள் வாடிக்கையாளர்களில் பலர் பிள்ளைகள் கொடுத்த பழைய போன்களை வைத்திருப்பவர்கள் என்பதால் 9ஐ விட மனமில்லை.

திருடனின் முதல் வேலை எளிது. திரை முழுவதும் ஒரு படம். “அழைப்பிதழைப் பார்க்க இங்கே தொடவும்” என்று எழுதி, அந்த எழுத்து சரியாக எங்கள் “அனுப்பு” பொத்தானுக்கு மேலே விழும்படி வைத்தேன். அந்த விண்டோவுக்குத் தொடுதலை வாங்காத ஃபிளாக் (அமைப்புக் குறி) கொடுத்தேன். அப்போது தொடுதல் அதன் ஊடாகக் கீழே எங்கள் ஆப்புக்குப் போகும். ஆண்ட்ராய்ட் 9இல் கச்சிதமாக வேலை செய்தது. படத்தைத் தொட்டேன், அடியில் பணம் அனுப்பப்பட்டது. நான் எழுதிய ஆப்பையே நான் ஏமாற்றியிருந்தாலும் அதைப் பார்த்ததும் கை கொஞ்சம் நடுங்கியது.

ஆண்ட்ராய்ட் 14இல் இது நடக்காது என்று நினைத்தேன். ஊடுருவிப் போகும் தொடுதல்களை ஆண்ட்ராய்ட் 12 முதல் கூகுள் அடைத்துவிட்டது என்று படித்திருந்தேன். ஓட்டிப் பார்த்தால் தொடுதல் போகிறது! ஆண்ட்ராய்ட் எழுதும் பதிவேடான லாக்கேட்டைப் பார்த்ததும் புரிந்தது. மேலே இருக்கும் விண்டோவின் மறைப்பு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் தொடுதல் அடைபடும். என் விண்டோ தொடுதலை வாங்காத வகை என்பதால், ஆண்ட்ராய்டே அதன் அடர்த்தியை 80 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டுத் தொடுதலைக் கீழே விட்டிருக்கிறது. உற்றுப் பார்த்தால் அடியில் எங்கள் திரை மங்கலாகத் தெரியும். வெயிலில் நின்றுகொண்டு கண்ணாடி போடாமல் போனைப் பார்ப்பவருக்கு அந்த மங்கல் தெரியுமா? தெரியாது. ஆண்ட்ராய்ட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட முடியாது என்பது அன்றைக்குத் தெளிவானது.

சரி, நம் பக்கம் என்ன செய்யலாம்? எல்லோரும் முதலில் சொல்வது “ஃபில்டர் டச்சஸ் வென் அப்ஸ்க்யூர்ட்” என்ற பண்பு. 2010இல் வந்த ஆண்ட்ராய்ட் 2.3இலிருந்தே இருக்கிறது. தொடும் இடத்துக்கு மேல் வேறு ஆப்பின் விண்டோ இருந்தால் அந்தத் தொடுதலைத் தூக்கி எறிந்துவிடும் வடிகட்டி இது. ஒரு வியூவுக்கு (திரையின் ஒரு கூறுக்கு) போட்டால் அதனுள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சேரும். எங்கள் பணம் அனுப்பும் திரையின் வேர் லேஅவுட்டில் ஒரு வரி சேர்த்தேன். மூன்று போனிலும் திருடன் தோற்றான். அரை நாள் வேலை, முடிந்தது என்று அன்று நினைத்தேன்.

அடுத்த நாள் உறுதிப்படுத்தும் டயலாக்கை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. “₹5,000 அனுப்பவா?” என்று கேட்டு “ஆம்”, “வேண்டாம்” காட்டும் சின்னப் பெட்டி. டயலாக் என்பது தனி விண்டோ. அதன் வேர் வேறு. திரையில் போட்ட வரி அதற்குப் பொருந்தாது. திருடனை ஓட்டினேன், “ஆம்” அழுத்தப்பட்டது. உண்மையில் பணம் நகர்வதே அந்தப் பொத்தானில்தான். கீழிருந்து எழும்பும் பாட்டம் ஷீட், பாப்அப் மெனு எல்லாவற்றுக்கும் இதே கதை. திரைகளை எழுதும் கூகுளின் கருவியான ஜெட்பேக் கம்போஸில் எழுதுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: திரையின் வியூவில் போட்டது கம்போஸ் டயலாக்குக்குப் போகாது, அதற்குள் இருக்கும் வியூவை எடுத்துத் தனியாகப் போட வேண்டும். கடைசியில் எங்கள் ஆப்பில் எல்லா டயலாக்குகளையும் ஒரே தாய் வகுப்பிலிருந்து (பொது வார்ப்பிலிருந்து) பிறக்கும்படி மாற்றி, அங்கே ஒருமுறை போட்டேன். இனிப் புதிதாக யார் டயலாக் எழுதினாலும் மறக்க வழியில்லை.

அப்புறம் திருடனுக்கு இரண்டாவது வித்தை சொல்லிக்கொடுத்தேன். இந்த முறை பொத்தானை மூடவே இல்லை. பொத்தானுக்கு மேலே இருக்கும் தொகையையும் பெறுபவர் பெயரையும் மட்டும் மூடினேன். அந்த இடத்தில் “₹10 பதிவுக் கட்டணம்” என்று எழுதிய ஒரு சின்னப் பட்டை. பொத்தான் எங்களுடையது, நிறம் எங்களுடையது, தொடும் இடத்தின் மேல் எதுவும் இல்லை. வடிகட்டி பேசாமல் இருந்தது, தொடுதல் உள்ளே போனது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. தொட்ட புள்ளி மூடியிருக்கிறதா என்று மட்டுமே பார்க்கிறது, தொட்டவர் எதைப் படித்துவிட்டுத் தொட்டார் என்று பார்ப்பதில்லை.

இதற்கு இன்னொரு ஃபிளாக் இருக்கிறது. விண்டோவில் வேறு எங்கோ ஒரு பகுதி மூடப்பட்டிருந்தால் தொடுதலோடு சேர்ந்து வரும் “பார்ஷியலி அப்ஸ்க்யூர்ட்”. ஆண்ட்ராய்ட் 10 முதல் டெவலப்பர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இதைத் தானாக வடிகட்டும் பண்பு கிடையாது. தொடுதல் வரும் இடத்தில் நாமே ஃபிளாக்கைப் பார்த்து நிராகரிக்க வேண்டும். எழுதினேன். 11இலும் 14இலும் திருடன் மறுபடி தோற்றான்.

ஆண்ட்ராய்ட் 9க்கு என்ன செய்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். விடை குறியீட்டில் இல்லை, திரை வடிவமைப்பில் இருந்தது. “அனுப்பு” என்று மொட்டையாக இருந்த பொத்தானை, “₹5,000 முருகேசனுக்கு அனுப்பு” என்று தொகையும் பெயரும் பொத்தானுக்குள்ளேயே வரும்படி மாற்றினேன். இப்போது தொகையை மறைக்க வேண்டும் என்றால் பொத்தானை மறைத்தாக வேண்டும். பொத்தானை மறைத்தால் பழைய வடிகட்டியே பிடித்துவிடும். ஒரு ஓரத்தை மட்டும் மறைத்துவிட்டு மற்ற ஓரத்தில் தொட வைக்கலாம் என்பது உண்மைதான். அதனால் எழுத்தைப் பொத்தானின் அகலம் முழுவதும் பரவும்படி பெரிதாக்கினோம். வயதானவர்களுக்கும் படிக்க எளிதாக இருக்கிறது என்று வசூலுக்குப் போகிறவர்கள் வந்து சொன்னார்கள்.

இந்த இடத்தில் ஒரு தப்பு செய்தேன். வடிகட்டிய தொடுதலைச் சத்தமில்லாமல் விழுங்கும்படி விட்டு, வெளியீடும் செய்துவிட்டோம். மூன்றாம் நாள் ஒரு பெரியவர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். “பொத்தானை அமுக்கி அமுக்கி விரல் வலிக்குதுங்க, ஒண்ணும் ஆகல” என்றார். கண் ஆபரேஷன் முடிந்தவர். திரையின் வெளிச்சத்தைக் குறைக்கும் ஆப் ஒன்றைப் பேரன் போட்டுக்கொடுத்திருக்கிறான். அதுவும் ஒரு மேலடுக்குதான், திரை முழுவதும் மெல்லிய மஞ்சள் படலம். என் வடிகட்டிக்கு அதுவும் திருடனும் ஒன்று. அழைப்பவர் பெயர் காட்டும் ஆப்கள், மிதக்கும் சாட் வட்டங்கள் எல்லாவற்றுக்கும் இந்த நிலைமை வரும். ஆண்ட்ராய்ட் 6 வந்த காலத்தில் “ஸ்கிரீன் ஓவர்லே கண்டறியப்பட்டது” என்ற அறிவிப்பு எத்தனை பேரைத் திண்டாட வைத்தது என்பது நினைவிருக்கும். அதே பாவத்தை நான் செய்திருந்தேன்.

திருத்தம் இரண்டு விதமாக வந்தது. ஆண்ட்ராய்ட் 12 முதல் ஒரு நல்ல வசதி இருக்கிறது: “ஹைட் ஓவர்லே விண்டோஸ்”. ஆப்பின் அறிவிப்புக் கோப்பான மேனிஃபெஸ்டில் அந்தப் பெயருள்ள சாதாரண அனுமதியை எழுதிவிட்டு, முக்கியமான திரையின் விண்டோவில் அதை இயக்கினால், அந்தத் திரை தெரியும் வரை மற்ற ஆப்களின் மேலடுக்குகளை ஆண்ட்ராய்டே மறைத்துவிடும். திரையை விட்டு வெளியேறியதும் அவை திரும்ப வந்துவிடும். பயனரிடம் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மஞ்சள் படலம் அரை நிமிடம் மறையும், அவ்வளவுதான். 14இல் திருடனை ஓட்டிவிட்டுப் பணம் அனுப்பும் திரையைத் திறந்தபோது, அவனுடைய படம் அப்படியே காணாமல் போனது. இத்தனை நாள் மல்லுக்கட்டியதற்கு அது பெரிய நிம்மதி. எல்லாத் திரைகளிலும் இதைப் போடவில்லை. பின் நம்பர், பணம் அனுப்புதல், கைபேசி எண் மாற்றம், இந்த மூன்றில் மட்டும்.

12க்குக் கீழே இருக்கும் போன்களில், தொடுதல் நிராகரிக்கப்பட்டால் ஒரு முழுப்பக்கச் செய்தி காட்டுகிறோம். அதன் வாசகத்தை நான்கு முறை மாற்றி எழுதினேன். இப்போது இப்படி இருக்கிறது: “வேறொரு ஆப் இந்தத் திரையின் மேல் எதையோ காட்டுகிறது. வெளிச்சம் குறைக்கும் ஆப் இருந்தால் அதைச் சிறிது நேரம் அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்படி எதுவும் நீங்கள் போடவில்லை என்றால் பின் நம்பரைத் தட்டாமல் எங்களுக்குப் போன் செய்யுங்கள்.” அந்தப் பெரியவருக்குப் படித்துக் காட்டிக் கேட்ட பிறகுதான் இறுதி செய்தேன்.

இவ்வளவும் செய்த பிறகும் சித்தியின் போனில் நடந்தது நின்றிருக்குமா என்று கேட்டால், பாதிதான். சித்தி தட்டிய எண்கட்டம் தொடுதலைக் கீழே விடும் வகை இல்லை, தானே வாங்கிக்கொள்ளும் வகை. தொடுதல் எங்களிடம் வராதபோது எங்கள் வடிகட்டிக்கு அங்கே வேலையே இல்லை. அது மேலடுக்கு விண்டோவாக இருந்தால் ஆண்ட்ராய்ட் 12இலும் அதற்கு மேலும் மறைந்துபோகும். ஆனால் வங்கித் திருட்டு ஆப்கள் பலவும் மேலடுக்கு விண்டோ போடுவதில்லை, தங்கள் சொந்தத் திரை ஒன்றையே நம் திரைக்கு முன்னால் திறந்துவிடுகின்றன. பின்னணியில் இருக்கும் ஆப் இப்படித் திரை திறப்பதை ஆண்ட்ராய்ட் 10 தடை செய்தது. அந்தத் தடையிலிருந்து விலக்கு பெற்றவர்களில் மேலடுக்கு அனுமதி வைத்திருக்கும் ஆப்களும் உண்டு. அந்த ஒரு அனுமதியைக் கொடுத்தால் இரண்டு கதவு திறக்கிறது.

அணுகல்தன்மைச் சேவை அதைவிடப் பெரிய கதவு. அந்தச் சேவை போடும் மேலடுக்கை ஆண்ட்ராய்ட் நம்பகமானதாக எடுத்துக்கொள்கிறது. பார்வையற்றவர்களுக்கு உதவும் கருவிகள் இயங்க வேண்டுமே. மேலடுக்கு அனுமதியும் அணுகல்தன்மையும் சேர்ந்தால் போனையே கைப்பற்றலாம் என்பதைக் சாண்டா பார்பராவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகமும் ஜார்ஜியா டெக்கும் 2017இல் “க்ளோக் அண்ட் டேகர்” ஆய்வில் காட்டிவிட்டார்கள். வருமான வரித் துறை பெயரில் உலவிய ட்ரினிக் என்ற திருட்டு ஆப் பற்றி 2021இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் எச்சரித்தது. வேடம்தான் மாறிக்கொண்டே இருக்கிறது, வரித் துறை போய் இப்போது கல்யாணப் பத்திரிகை.

அலுவலகக் கூட்டத்தில் மேலாளர், “அணுகல்தன்மைச் சேவை எது ஆனில் இருந்தாலும் ஆப்பைத் திறக்கவே விடாதீங்க, முடிஞ்சது” என்றார். “சார், திரையை வாசிச்சுக் காட்டுற டாக்பேக் வெச்சுதான் நம்ம ஆப்பைப் பயன்படுத்துறவங்க இருக்காங்க. அவங்க பணத்தை அவங்களே எடுக்க முடியாமப் போயிடும்” என்றேன். அரை மணி நேரம் பேசினோம். ஒத்துக்கொண்டார். திருடனுக்குப் பயந்து கண் தெரியாதவரை வாசலில் நிறுத்துவது எனக்குச் சம்மதம் இல்லை, இனியும் இருக்காது. அதற்குப் பதிலாக, ஆனில் இருக்கும் சேவைகளின் பட்டியலை எடுத்து, போனோடு வராத, மாற்றுத்திறனாளிகளுக்கான கருவி என்று தன்னை அறிவித்துக்கொள்ளாத சேவை இருந்தால் மட்டும் பெயரோடு காட்டி எச்சரிக்கிறோம், அன்றைய அனுப்பும் வரம்பையும் குறைக்கிறோம். அந்த அறிவிப்பில் பொய் சொல்ல ஒரு திருட்டு ஆப்பால் முடியும் என்பது தெரிந்தேதான் செய்தோம். ஆண்ட்ராய்ட் 14இல், பின் கட்டத்தை “அணுகல்தன்மைச் சேவைகளிடமிருந்து காக்க வேண்டிய தரவு” என்று குறிக்கும் பண்பையும் சேர்த்தோம். கருவி என்று அறிவித்துக்கொண்ட சேவைகளுக்கு மட்டுமே அது தெரியும்.

கடைசியாகச் செய்ததுதான் சித்தியின் கேள்விக்கு நேரடியான பதில் என்று நினைக்கிறேன். பின் நம்பர் திருடு போகும் என்று வைத்துக்கொண்டே கட்டினோம். போனின் சாவிப் பெட்டகமான கீஸ்டோரில் ஒரு சாவி உருவாக்கி, அதைப் பயன்படுத்தக் கைரேகை வேண்டும் என்று பூட்டினோம். ஒவ்வொரு அனுப்புதலிலும் தொகையையும் பெறுபவரையும் சேர்த்து அந்தச் சாவி கையெழுத்திட வேண்டும். சாவி போனை விட்டு வெளியே போகாது. பின் நம்பரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு போனிலிருந்து சர்வரைத் தட்டினால் ஒன்றும் நடக்காது. கைரேகை கேட்கும் பெட்டியும் ஆண்ட்ராய்டின் சொந்தப் பெட்டி, எங்களுடையது இல்லை. கைரேகை வசதி இல்லாத போன்களில் அனுப்பும் தொகைக்கு வரம்பு வைத்திருக்கிறோம்.

இடையில் சின்ன வேலைகள் சில. ஸ்ட்ராண்ட்ஹாக் என்று 2019இல் ப்ரோமோன் நிறுவனம் வெளியிட்ட தந்திரம், நம் ஆப்பின் அடுக்குக்குள்ளேயே திருட்டுத் திரையை நுழைக்கும். அதற்கு, திரை எந்த அடுக்கில் சேரும் என்று சொல்லும் டாஸ்க் அஃபினிட்டியை மேனிஃபெஸ்டில் வெற்றாக வைத்தோம். 2025இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் காட்டிய டாப்டிராப் எந்த அனுமதியும் கேட்காது. நம் திரையையே கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலான அனிமேஷனில் திறந்து, தொடுதலை அதில் விழ வைக்கும். மேலே வேறு விண்டோ இல்லாததால் மேற்சொன்ன எந்த வடிகட்டியும் இதைப் பார்க்காது. எங்கள் பணம் அனுப்பும் திரையை வெளியிலிருந்து ஒரு இணைப்பின் மூலம் நேராகத் திறக்க முடிந்தது. அதை மூடி, எல்லா இணைப்பும் பின் நம்பர் திரை வழியாகவே வரும்படி மாற்றினோம். நுழைவு அனிமேஷன் முடியும் வரை பின் திரை எந்தத் தொடுதலையும் ஏற்காது.

இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் மூன்று போனிலும் திருடனை ஓட்டுகிறோம். பதினோரு சோதனை. போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு பாட்டம் ஷீட்டைத் தாய் வகுப்பைத் தொடாமல் எழுதிவிட்டார், நான்காவது சோதனையில் மாட்டியது. ஆண்ட்ராய்ட் 9இலும் 11இலும் திரையை முழுவதும் மூடிக்கொண்டு தொடுதலைத் தானே வாங்கிக்கொள்ளும் சோதனையில் மட்டும் திருடன் இன்னும் ஜெயிக்கிறான். அதைச் சிவப்பிலேயே, தோல்வி என்றே காட்டும்படி, விட்டிருக்கிறேன்.

சித்திக்குப் புது வெளியீட்டை நானே போய்ப் போட்டுக்கொடுத்தேன். பின் நம்பரைத் தட்டினார், ஒரே தடவையில் உள்ளே போனது. “இப்ப ஒரு வாட்டிதான் கேக்குது” என்றார். “ரெண்டாவது வாட்டி கேட்டா என்ன பண்ணுவீங்க சித்தி?” என்றேன். “போனை அணைச்சுட்டு உன்னைக் கூப்புடுவேன்” என்றார்.